சோறு குழைக்கிற கை

எங்கள் எதிர்வீட்டு அண்ணை இப்போது கரண்டியால்தான் சாப்பிடுகிறார். கலியாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் சோற்றைக் குழைத்துச் சாப்பிட, அவர் மட்டும் மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருப்பார். விஷயம் தெரியாத ஆட்கள், "என்ன அண்ணை, வெள்ளைக்காரன் ஆகிட்டீங்கள் போல" என்று பகிடி விடுவார்கள். அவர் சிரித்துவிட்டு வலக்கையை மேசைக்குக் கீழே இறக்கிவிடுவார்.

அந்தக் கையில் நடுவிரலும் மோதிரவிரலும் முதல் மூட்டுக்கு மேலே இல்லை. ஸ்னோ புளோவர் எடுத்துவிட்டது.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏஜாக்ஸில். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலை. இரவு முழுக்கக் கொட்டி, விடிய வெயில் பட்டு, ஸ்னோ கஞ்சிப் பதத்துக்கு வந்திருந்தது. நான் ஷவலோடு வெளியே வந்தபோது அண்ணையின் மெசின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் கூப்பிட்ட சத்தம். அதை எழுத எனக்கு விருப்பமில்லை. அம்புலன்ஸ் வரும்வரை என் கழுத்துச் சால்வையால் கையை இறுக்கிக் கட்டி, நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தோம். அவர் ஒரே ஒரு வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"தம்பி, நான் ஓஃப் பண்ணிப்போட்டுத்தானே கை வைச்சனான்."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வசனம்தான். அவர் கவனமில்லாத ஆள் இல்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத்தான் கை வைத்தார். நிற்பாட்டினால் போதும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று, பிறகு ஒவ்வொருவராகக் கேட்டபோது தெரிந்தது.

அந்த மெசினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தள்ளிக்கொண்டு நடக்கிற பெரிய வகை ஸ்னோ புளோவரில் இரண்டு வேலை நடக்கிறது. முன்வாயில் குறுக்காகக் கிடக்கும் பல்லு வைத்த இரும்புத் திருகுகள் மெதுவாகச் சுற்றி ஸ்னோவை வெட்டி நடுவுக்குக் கொண்டுவரும். இதற்கு ஓகர் என்று பெயர். எல்லோருக்கும் கண்ணில் படுவது இதுதான், எல்லோரும் பயப்படுவதும் இதற்குத்தான். அதற்குப் பின்னால், குழலின் அடியில், ஒரு இரும்பு விசிறி இருக்கிறது. அது ஓகரைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றி, வந்த ஸ்னோவை குழல் வழியாகப் பத்து மீற்றருக்கு அப்பாலும் வீசி எறியும். இந்த விசிறி வெளியே நிற்கிற ஆளுக்குத் தெரியாது. குழலுக்குள் கை விடுகிறவர் ஓகரில் இருந்து தள்ளி நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நேரே விசிறியிடம் கையைக் கொடுக்கிறார். விசிறித் தகட்டுக்கும் சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் இடைவெளிதான்.

இனி அண்ணையின் கேள்விக்கு வருவோம். எஞ்சினில் இருந்து விசிறிக்குச் சக்தி போவது ஒரு ரப்பர் பெல்ற் வழியாக. ஈர ஸ்னோ இறுகி விசிறியைப் பிடித்துக்கொள்ளும்போது, எஞ்சின் இழுக்கிறது, விசிறி அசையாமல் நிற்கிறது. அந்த இழுவை பெல்ற்றிலும் தண்டிலும் முறுக்காக ஏறி நிற்கும். எஞ்சினை நிற்பாட்டினாலும் அந்த முறுக்கு சில வேளை உள்ளேயே இருந்துவிடும். அடைப்பை விரலால் நோண்டி எடுத்த அந்தக் கணம், பிடித்திருந்த ஸ்னோ விட, விசிறி ஒரு அரைச் சுற்றோ கால் சுற்றோ விசுக்கென்று சுற்றும். விரலுக்கு அது போதும். கை அறுவைச் சிகிச்சை வைத்தியர்கள் வருடா வருடம் பனிக்காலம் தொடங்கும்போது இதைத்தான் எச்சரிக்கிறார்கள்: மெசின் நின்றிருந்தாலும் கை வைக்காதீர்கள். அவர்களிடம் வருகிற ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள், அடிபடுவது பெரும்பாலும் பழக்கப்பட்ட கை, விரல்களில் முன்னுக்கு நிற்பது நடுவிரல். அண்ணையின் கதை அப்படியே அச்சுக் குத்தினமாதிரி.

அப்படியென்றால் அடைத்தால் என்ன செய்வது? முதலில் ஓகர் பிடியை விடுங்கள். எஞ்சினை நிற்பாட்டுங்கள், சாவியை உருவுங்கள். விசிறி முழுதாக நிற்கும்வரை பொறுங்கள். மனசுக்குள் பத்து எண்ணலாம். பிறகு குச்சியை எடுங்கள். புதிய மெசின்களில் முன்வாயின் மேல் ஒரு பிளாஸ்ரிக் குச்சி, நுனியில் சின்னச் சட்டுவம் மாதிரி, செருகிக் கிடக்கும். அது இதற்காகவே தந்தது. உங்களுடையது தொலைந்துபோயிருந்தால் தும்புத்தடியின் கட்டை போதும். குழல் புட்டை விரலால் தள்ளுகிறவர் யாராவது இருக்கிறார்களா? கோலால்தானே தள்ளுகிறோம். அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது குச்சியையும் விடக்கூடாது. விசிறி குச்சியை இழுக்கும், குச்சியைப் பிடித்த கையும் கூடவே போகும். பற்ரறியில் ஓடுகிற மெசின் சத்தம் குறைவு, ஆபத்தும் குறைவு என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது அதே விசிறிதான். அதில் பற்ரறியைக் கழற்றிவிட்டுக் குச்சியை எடுங்கள்.

அண்ணைக்கு நடந்ததற்குப் பிறகு நான் என் மெசினை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு பனிக்காலம் அவதானித்து எனக்கு விளங்கியது இது: கை உள்ளே போவது அடைப்பினால். அடைப்பு வருவது பெரும்பாலும் பராமரிப்பில்லாமல், அல்லது ஓட்டுகிற முறை பிழைத்து. ஆகவே பராமரிப்பு என்பது மெசினைக் காப்பாற்றுகிற வேலை என்று தள்ளிப்போட வேண்டாம். நேரே விரலைக் காப்பாற்றுகிற வேலை அது.

ஓட்டுகிற முறையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நானும் பிழை விட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியில் ஒரு பக்கம் முயல், மற்றப் பக்கம் ஆமை படம் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் ஆமைப் பக்கம் வைப்பார்கள், மெதுவாக ஓடினால் பத்திரம் என்று. நடப்பது நேர்மாறு. விசிறி மெதுவாகச் சுற்றினால் ஸ்னோவை வெளியே எறியப் பலம் போதாது. குழலுக்குள்ளேயே படிந்து அடைக்கும். வேலை செய்யும்போது எப்போதும் முயலில் வையுங்கள். மெதுவாகப் போக வேண்டுமென்றால் நடைவேகத்து கியரைக் குறையுங்கள். எஞ்சின் முழு வேகம், கால் மெதுவாக. இதை விளங்கிக்கொண்ட பிறகு எனக்கு அடைப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

அடுத்தது ஸ்னோவின் பதம். ஜனவரியில், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்தில் விழுகிற ஸ்னோ நல்ல உதிரிப் புட்டுமா மாதிரி; எந்த மெசினும் ஊதித் தள்ளிவிடும். பூச்சியத்துக்குக் கிட்ட விழுகிற ஸ்னோ தண்ணீர் கூடின மா. டிசம்பர் தொடக்கமும் மார்ச்சும் இதற்குப் பேர்போனவை. விரல்கள் போவதும் இந்த நாட்களில்தான். ஈர ஸ்னோவென்றால் முழு அகலத்துக்கும் வெட்டாதீர்கள். அரை அகலம் மட்டும் எடுத்து, நிதானமாகப் போங்கள். குழலை மேலே தூக்கி வையுங்கள். குழல் வாயைத் தாழ்த்தி வளைத்தால் அங்கேதான் முட்டும். முக்கியமாக, எல்லாம் கொட்டி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பத்துச் சென்ரிமீற்றர் விழுந்ததும் ஒரு தரம், முடிந்தபிறகு இன்னொரு தரம். இரண்டு தரம் குளிரில் இறங்குவது அலுப்புத்தான். முப்பது சென்ரிமீற்றர் ஈர ஸ்னோவை ஒரேயடியாக வெட்டப் போவதைவிட அது நல்லது. நகரசபை வண்டி றோட்டு ஸ்னோவைத் தள்ளிக்கொண்டு போகும்போது டிரைவ்வே வாசலில் ஒரு மேடு விட்டுப் போகுமே, உப்பும் ஐஸும் கல்லும் கலந்த அந்த மேடுதான் மெசினுக்கு எமன். அதை இறுக விடாமல் வெள்ளென எடுங்கள். இறுகிவிட்டால் ஷவலால் உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கராஜில் ஒரு சிலிக்கன் ஸ்பிரே வைத்திருக்கிறேன். ஸ்னோ வருகிறது என்று செய்தி சொன்னால், எஞ்சின் ஓடாமல் குளிர்ந்து கிடக்கும்போதே குழலின் உட்புறத்துக்கும் ஓகருக்கும் அடித்துவிடுவேன். இரும்பு வழுக்கும், ஸ்னோ ஒட்டாது. இரண்டு நிமிட வேலை.

பெல்ற்றையும் கவனியுங்கள். முன்பு பத்து மீற்றர் பறந்த ஸ்னோ இப்போது குழல் வாயில் இருந்து சொட்டுமாப்போல வழிகிறதா? ரப்பர் தீய்கிற மணம் வருகிறதா? பெல்ற் தளர்ந்துவிட்டது அல்லது தேய்ந்துவிட்டது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும், விசிறி ஓடாது. இப்படி ஓடுகிற மெசின் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அடைக்கும். அண்ணையின் மெசினை பிறகு கழற்றிப் பார்த்தவர் சொன்னது, பெல்ற் பளபளவென்று மெழுகு பூசினமாதிரி இருந்ததாம். அதை முந்தின இலையுதிர்காலத்தில் மாற்றியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் வரும்.

ஒரு சின்ன வரலாறு சொல்லவேண்டும், எனக்குப் பிடித்த கதை. கியூபெக்கைச் சேர்ந்த ஆதர் சிகார் என்பவர் 1925இல் தன் முதலாவது ஸ்னோ புளோவரைச் செய்து ஓட்டினார். 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரம் அதை வாங்கியது. இளவயதில் வயலில் தானியம் பிரிக்கிற மெசின் வேலை செய்வதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். கிளிநொச்சியில் சூடு அடிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்த மெசின் வாய்க்குக் கிட்டப் போனால் அப்பா தூரத்தில் நின்றே கத்துவார். கதிரைத் தள்ளக் கையை விட்டு மணிக்கட்டை இழந்தவரை ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும். கனடாவுக்கு வந்து, பெயின்ற் அடித்த அழகான மெசினைக் கடையில் பார்த்தபோது, இதுவும் அதுவும் ஒரே குடும்பம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஓகரில் ஷியர் பின் என்று சின்ன ஆணிகள் இருக்கும். ஓகர் கல்லிலோ, பேப்பர் கட்டிலோ, ஐஸ் கட்டியிலோ முட்டும்போது அந்த ஆணி உடைந்து, உள்ளே இருக்கிற கியர் பெட்டியைக் காப்பாற்றும். உடைவதற்கென்றே செய்த ஆணி அது. "இது அடிக்கடி உடையுது" என்று கடையில் கிடைக்கிற தடித்த உருக்கு போல்ற்றைப் போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அடுத்த முட்டலில் ஆணி உடையாது, கியர் பெட்டி உடையும். உங்கள் மெசினுக்குரிய ஆணியில் நாலைந்து வாங்கிக் கராஜில் வைத்திருங்கள். மாற்றும்போது எஞ்சின் நின்று, ஸ்பார்க் பிளக் வயர் கழற்றியிருக்க வேண்டும். வசந்தத்தில் மெசினை ஒதுக்க முன் ஒருதரம் அந்த ஆணிகளைக் கழற்றி, ஓகர் தண்டுக்குக் கிறீஸ் அடித்து, ஓகர் தண்டில் தனியே சுற்றுகிறதா என்று பாருங்கள். துருவேறி ஒட்டிப்போனால் ஆணி இருந்தும் பயனில்லை.

முன்வாயின் இரண்டு பக்கமும் அடியில் இருக்கிற இரும்புச் சப்பாத்துகளின் உயரத்தையும் பாருங்கள். தார் போட்ட டிரைவ்வே என்றால் வாயின் கீழ்விளிம்பு நிலத்தில் இருந்து மூன்று மில்லிமீற்றர் அளவில் நிற்கலாம். கல்லுப் போட்ட இடமென்றால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தூக்குங்கள், இல்லாவிட்டால் கல்லு துவக்குக் குண்டு மாதிரிப் பறக்கும். குழல் பார்க்கிற திசையில் ஆளும் நிற்கக்கூடாது, காரும் ஜன்னலும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் ஸ்னோ பறக்கிறதைப் பார்க்க ஆசைப்பட்டு முன்னுக்கு ஓடி வருவார்கள். எங்கள் வீட்டில் சட்டம், மெசின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் கதவுக்கு உள்ளே. ஸ்னோவை றோட்டில் வீசுவதும் கூடாது. ஒன்ராறியோவின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 181ஆம் பிரிவு அனுமதியில்லாமல் அப்படிச் செய்வதைத் தடுக்கிறது.

பெற்றோல் விஷயத்தில் இரண்டு ஆபத்து. ஒன்று, சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றுவது. நடுவில் முடிந்துவிட்டால் பத்து நிமிடம் ஆறவிட்டு, வெளியில் வைத்து ஊற்றுங்கள். மற்றது கண்ணுக்குத் தெரியாதது. குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்து ஸ்ரார்ட் பண்ணி, சூடேறட்டும் என்று விடுவார்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் புகையில் வருகிற கார்பன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் போகும். மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். மெசினை வெளியே தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். கராஜுக்கு மேல் படுக்கையறை இருக்கிற வீடுகளில் இதை இன்னும் கவனியுங்கள். கார்பன் மொனொக்சைட்டு அலாரத்தின் பற்ரறியையும் ஒருக்கால் பாருங்கள்.

பழைய பெற்றோல் இன்னொரு தலையிடி. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தால் அது கெட்டுத் திரண்டு கார்புரேற்றரை அடைக்கும். வாங்கின அன்றே கெடாமல் வைக்கிற மருந்தைக் கலந்துவிடுங்கள். எதனோல் பத்து வீதத்துக்கு மேல் கலந்த பெற்றோல் வேண்டாம். சீசன் முடிவில் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஒயில் வருடத்துக்கு ஒருதரம், பெரும்பாலான மெசின்களுக்கு 5டபிள்யூ-30, புத்தகத்தில் இருக்கும்.

கைப்பிடியில் இருக்கிற இரண்டு பிடிகளையும் விட்டதும் மெசின் நகர்வதும் ஓகர் சுற்றுவதும் நிற்க வேண்டும். அதுதான் உங்கள் உயிர்க்காவல். கை உளைகிறது என்று அதைக் கயிற்றால் கட்டிவைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தொங்குகிற சால்வை, நீளமான ஜக்கெற் நாடா இரண்டையும் உள்ளே செருகுங்கள். வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் ஓகரைச் சும்மா ஓடவிட்டால் உள்ளே மிஞ்சின ஸ்னோ பறந்துவிடும். இல்லாவிட்டால் அது இரவு உறைந்து, அடுத்த நாள் விசிறி இறுகி, திரும்பவும் அடைப்பில்தான் கொண்டுபோய் விடும்.

அப்படியும் யாருக்காவது நடந்துவிட்டால், 911 கூப்பிடுங்கள், சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான விரல் கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். பதற்றத்தில் ஸ்னோவுக்குள் நேரே வைத்துவிடாதீர்கள். ஆனால் இந்த மெசின் வெட்டுவதைவிட நசிப்பதே கூட. அண்ணையின் விரல்களை வைத்தியர்களால் திரும்பப் பொருத்த முடியவில்லை.

போன நவம்பரில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் புது மெசின் வாங்கியிருந்தான். அண்ணை கராஜ் வாசலில் கதிரை போட்டிருந்து, அவன் ஓட்டிப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் நிற்பாட்டினதும் கூப்பிட்டார். "தம்பி, முதல்ல அந்தக் குச்சியை எடுத்துக் கையில பிடி. எங்க இருக்கெண்டு பாக்காமலே எடுக்கத் தெரியோணும்." அவன் நாலைந்து தரம் செருகி, எடுத்து, செருகி, எடுத்தான். அவர் போதும் என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் ஸ்னோ புளோவர் இருந்தால், இன்றைக்கே கராஜுக்குப் போய், அந்தக் குச்சி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு தடியை வெட்டி, கயிறு போட்டு, கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.